லத்தீன் ஊர்ப்பெயர்களின் வால்கள்

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் உவெல்வா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரை ஸ்பானியர்கள் ‘ஒனுபென்சே’ என்கிறார்கள். ஊருக்கும் ஆளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ரோமானியர் ஆட்சியில் அந்த ஊருக்குப் பெயர் ஒனுபா. அந்தப் பெயர் பல நூற்றாண்டுகள் மக்கள் வாயில் அடிபட்டு, அரபு ஆட்சி வந்தபோது அரபியர் உச்சரிப்புக்கும் வளைந்துகொடுத்து, கடைசியில் உவெல்வா ஆயிற்று. ‘ஒனுபாவைச் சேர்ந்தவர்’ என்ற லத்தீன் பெயரடை மட்டும் பழைய முகத்தோடு நிற்கிறது.

ஐபீரியத் தீபகற்பம் முழுக்க இப்படிப் பல ஊர்கள். காதிஸ்காரர் ‘கதித்தானோ’, ஏனென்றால் பழைய பெயர் காதெஸ். சாலமன்காக்காரர் ‘சல்மந்தினோ’. கலாவோராக்காரர் ‘கலகுரித்தானோ’; பேச்சுக்கலை ஆசான் குவின்டிலியன் பிறந்த கலகுர்ரிஸ் அதுதான். போர்ச்சுகலில் ஷாவெஸ் என்ற வெந்நீரூற்று ஊரின் மக்கள் இன்றும் ‘ஃப்ளாவியென்சே’. ஃப்ளாவிய வம்சப் பேரரசர்களின் பெயரைத் தாங்கி ‘ஆக்வே ஃப்ளாவியே’ என்று ஊருக்குப் பெயர் வைத்து ஆயிரத்து தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஊர்ப்பெயரை எல்லோரும் நாள்தோறும் சொல்கிறார்கள், அதனால் அது தேய்கிறது. பெயரடையின் வாழ்க்கை வேறு இடத்தில் நடந்தது. ஆயரின் முத்திரை, பல்கலைக்கழகப் பட்டம், நூலின் முகப்புத்தாள், தாவரப் பட்டியல் என்று எழுதப்படும் இடங்களில்தான் அதற்கு வேலை. அங்கெல்லாம் லத்தீனே ஆண்டது. இந்தப் பெயரடைகளில் பல, இடையறாமல் பேச்சில் வாழ்ந்தவை அல்ல. ஆவணங்களில் உறங்கிக் கிடந்தவற்றைப் படித்தவர்கள் பிறகு எழுப்பித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் பழைமையோடு சேர்ந்து, எழுதியவர்களின் பிழைகளும் பெருமைகளும் அவற்றில் ஒட்டிக்கொண்டன.

பிழையும் பெருமையும் ஒன்றாய்க் கலந்ததற்குப் பதாஹோஸ் நல்ல சாட்சி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்னு மர்வான் என்ற தலைவர் எழுப்பிய ஊர் அது. 1230இல் கிறித்தவ அரசன் வசம் வந்ததும் அங்கே ஓர் ஆயர் பீடம் வேண்டியிருந்தது. பீடம் என்றால் பழைமையான லத்தீன் பெயர் வேண்டும். ‘பாக்ஸ்’ என்று தொடங்கும் ரோமானிய நகரம் நம்முடையதே என்று சொல்லி, ‘பசென்சே’ என்ற பெயரடையை அந்த ஊர் எடுத்துக்கொண்டது. உண்மையான பாக்ஸ் யூலியா, எல்லைக்கு அப்பால் போர்ச்சுகலில் இருக்கும் பேஜா. பேஜாக்காரரும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று இரண்டு நாட்டில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பெயரோடு உலவுகிறார்கள். ரோமானிய முகவரியே இல்லாத ஊர் அந்தப் பெயரை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டது வேடிக்கைதான்.

இன்னொரு பெயரடை ஊர் விட்டு ஊர் போயிற்று. மத்ரித்துக்குப் பக்கத்தில் உள்ள அல்காலா தெ எனாரெஸின் ரோமானியப் பெயர் கொம்ப்ளூத்தும். கர்தினால் சிஸ்னேரோஸ் 1499இல் அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போட்டார். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் பாடங்களை அருகருகே வைத்து 1514 முதல் 1517 வரை அச்சான பன்மொழி விவிலியத்துக்குக் ‘கொம்ப்ளூத்தேன்சிய விவிலியம்’ என்றே பெயர். 1836இல் பல்கலைக்கழகம் மத்ரித்துக்கு இடம்பெயர்ந்தது. பெயரடையும் பின்னாளில் வண்டியேறிப் போயிற்று. இன்று கொம்ப்ளூத்தென்சே பல்கலைக்கழகம் இருப்பது மத்ரித்தில். 1977இல் அல்காலாவில் மீண்டும் பல்கலைக்கழகம் எழுந்தபோது சொந்த ஊரின் பழம்பெயர் கைவசம் இல்லை. அது வெறும் ‘அல்காலா பல்கலைக்கழகம்’ என்று அமைதியாக இருக்கிறது.

இனி இலக்கணம். ஊர்ப்பெயரிலிருந்து ஊர்க்காரர் பெயரை ஆக்க லத்தீனில் ஒரே ஒரு விகுதி இருந்திருந்தால் வேலை சுலபம். ரோமாவுக்கு ரோமானுஸ், பார்மாவுக்குப் பார்மென்சிஸ், தரெந்தும் ஊருக்குத் தரெந்தீனுஸ், அர்ப்பீனும் ஊருக்கு அர்ப்பீனாஸ், நெயாபோலிஸுக்கு நெயாபோலித்தானுஸ். ரோமாவும் பார்மாவும் ஒரே மாதிரி முடியும் சொற்கள், ஆனால் வால் வேறு. கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வார்ரோ, லத்தீன் மொழி பற்றிய தம் நூலில் இந்தக் குளறுபடியைத் தொட்டிருக்கிறார். மொழி விதியால் நடக்கிறதா, வழக்கத்தால் நடக்கிறதா என்ற அக்காலப் பெரும் வழக்கில், விதிக்கு எதிரான வாதங்களை அவர் வரிசைப்படுத்தும் இடம் அது. ஆல்பா என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்றின் மக்கள் ஆல்பானி, மற்றதன் மக்கள் ஆல்பென்சஸ். இதற்கு எந்த விதி?

விதி கிடையாது, ஆனால் போக்குகள் உண்டு. ‘ஆஸ்’ என்ற வால் நடு இத்தாலியிலும் அதன் வடக்கிலும் பழகியது: அர்ப்பீனாஸ், அந்தியாஸ், ரவென்னாஸ். ‘ஆனுஸ்’, ‘ஈனுஸ்’ இரண்டும் ரோமுக்குப் பக்கத்து ஊர்களிலும் தென் இத்தாலியிலும் மிகுதி. ‘இத்தானுஸ்’ கிரேக்கச் சாயல் கொண்டது. கிரேக்கர்களின் ‘இத்தேஸ்’ என்ற ஊர்க்காரர் விகுதியின் மேல் லத்தீன் ‘ஆனுஸ்’ ஏறி உட்கார்ந்த உருவம் அது. அதனால்தான் நேப்பிள்ஸ், திரிப்போலி, கான்ஸ்டான்டினோப்பிள் பக்கம் அதிகம். ‘என்சிஸ்’ எங்கும் ஒட்டும். ரோமானிய ஆட்சி விரிந்து, வாயில் நுழையாத பெயருள்ள ஊர்கள் கணக்கில் ஏற ஏற, அதிகாரிகள் கை அந்த விகுதிக்கே போயிற்று. பிரெஞ்சின் ‘எ’, ‘வா’ ஒலி முடிவுகள், இத்தாலியத்தின் ‘ஏசே’, ஸ்பானியத்தின் ‘எஸ்’, ஆங்கிலத்தில் ஜப்பானீஸ், சைனீஸ் என்று வரும் ‘ஈஸ்’ எல்லாம் ‘என்சிஸ்’ பெற்ற பிள்ளைகள்.

ரோமானியர்களுக்கு இந்தப் பெயரடை சமூகத்தில் ஆளை அடையாளம் காட்டும் சீட்டாகவும் இருந்தது. சிசெரோ அர்ப்பீனும் ஊர்க்காரர்; எதிரிகள் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிக் காட்டினார்கள். வரலாற்றாசிரியர் லிவி, இன்று பாதுவா எனப்படும் பதாவியும் ஊரில் பிறந்தவர். அவருடைய நடையில் ‘பதாவினித்தாஸ்’, அதாவது பாதுவாத்தனம், இருக்கிறது என்று அசினியுஸ் போல்லியோ குறை சொன்னதாகக் குவின்டிலியன் எழுதிவைத்திருக்கிறார். போல்லியோ எதைச் சுட்டினார் என்பது பற்றி அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒருவன் மற்ற ஊர்க்காரனின் பேச்சைக் கிண்டல் செய்யும் வழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்பது மட்டும் தெளிவு.

சொத்துக்கும் அதே பெயரடைதான். சிசெரோவுக்குப் பல ஊர்களில் வீடும் தோட்டமும் இருந்தன. துஸ்குலும் ஊர் வீடு ‘துஸ்குலானும்’, பொம்பேயி வீடு ‘பொம்பேயானும்’. துஸ்குலானும் வீட்டில் நடந்ததாக எழுதிய தத்துவ உரையாடல்களுக்கு அந்த வீட்டின் பெயரே தலைப்பானது.

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த ஒரு பெயரடை உண்டு, அது பெயரடை என்றுதான் பலருக்கும் தெரியாது. 13ஆம் நூற்றாண்டின் பெரும் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். அக்குவினாஸ் குடும்பப் பெயரும் அல்ல, தந்தை பெயரும் அல்ல. அக்குயீனும் ஊரைச் சேர்ந்தவர் என்பதே பொருள். அர்ப்பீனாஸில் வந்த அதே ‘ஆஸ்’ வால். அந்த ஊரையொட்டி ஆண்ட பிரபுக் குடும்பத்தில் பிறந்ததால் வந்த அடைமொழி, உலகெங்கும் கல்லூரிகளுக்குப் பெயராகிவிட்டது. கொழும்பிலும் ஓர் அக்குவினாஸ் கல்லூரி உண்டு.

சில பெயரடைகள் தாம் சார்ந்திருந்த பெயர்ச்சொல்லையே விழுங்கிவிட்டன. ரோமுக்குப் பக்கத்துத் திபுர் ஊரின் கல்லை ‘திபுர்த்தீனுஸ் கல்’ என்றார்கள். கொலோசியத்தின் வெளிப்புறம் அதனால் கட்டியதுதான். கல் போய்விட்டது, வால் நின்றது: இன்று கட்டுமானக் கடைகளில் டிராவர்டைன் என்று விற்பது அது. பெர்காமும் நகரத் தோல்தாள், ‘பெர்கமேனா’ ஆகி ஐரோப்பிய மொழிகளில் தோல்தாளுக்கே பெயரானது. அபெல்லா ஊர்க் கொட்டை ஸ்பானியரின் ‘அவெல்யானா’. பாலஸ்தீனக் கடற்கரையின் அஸ்கலோன் நகரத்து வெங்காயம் ‘அஸ்கலோனியா’; பிரெஞ்சுக்காரர் வாயில் ‘எஷலோட்’, ஆங்கிலத்தில் ‘ஷாலட்’. நம் சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயத்துக்குத் தாவரவியல் நூல்கள் நெடுநாள் வழங்கிய பெயர் அல்லியம் அஸ்கலோனிக்கும். பிறகு வந்த தாவரவியலார் அதைப் பெரிய வெங்காயத்தின் ஒரு வகையாக்கிவிட்டார்கள்.

ரைன் நதிக்கரையில் ஒரு நகரம் தன் பெயரடையை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது. கி.பி. 50இல் பேரரசர் கிளாடியுஸின் மனைவி அக்ரிப்பினா, தாம் பிறந்த ஊரை ரோமானியக் குடியிருப்பாக்கினார். அங்கே வாழ்ந்த உபியர் என்ற ஜெர்மானியக் குலத்தார், தம் குலப்பெயரைவிட அக்ரிப்பினென்சஸ் என்று அழைக்கப்படுவதையே விரும்பினார்கள் என்று தாசிதுஸ் குறித்திருக்கிறார். பின்னால் அரசியும் மறக்கப்பட்டார், குலமும் மறக்கப்பட்டது. ‘குடியிருப்பு’ என்று மட்டும் பொருள்படும் ‘கொலோனியா’ எஞ்சி, கொலோன் நகரமாயிற்று.

கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், கதை நேர் எதிர். அங்கே குலப்பெயர் ஊர்ப்பெயரைத் தின்றது. லுத்தேசியா, பரிசியர் குலத்தின் நகரம், கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் லுத்தேசியா உதிர்ந்து பாரிஸ் ஆனது. துரொக்கொர்த்தோரும், ரேமியர் பெயரால் ரெம்ஸ் ஆனது. அவாரிக்கும், பித்துரிகர் பெயரால் பூர்ஜ் ஆனது. காரணம் எளிது. கால் நாட்டில் ‘மெதியோலானும்’ என்ற பெயரில் பல ஊர்கள் இருந்தன. எந்த மெதியோலானும் என்று கேட்டால் ‘சந்தோனர்களுடையது’ என்று சொல்ல வேண்டும். அது சேந்த் நகரம். குலப்பெயர் தேவைப்படாமல் தன் பெயரை வைத்துக்கொண்ட பெரிய மெதியோலானும் இத்தாலியின் மிலான்.

பிற்காலப் பிரெஞ்சுப் பண்டிதர்களின் ஆர்வம் இதையும் தாண்டியது. ரோமானியர் கண்ணால் கண்டிராத ஊர்களுக்கும் லத்தீன் வால் தேடினார்கள். சேன்ட் எத்தியென்காரர் ‘ஸ்தெபனுவா’; எத்தியென் என்பது ஸ்தெபனுஸ்தானே. பொன்தாமூஸோன்காரர் ‘மூஸிபொந்தேன்’. ஷார்ல்வில் மெஸியேர்க்காரர் ‘கரோலோமஸேரியேன்’. ஃபோன்தேன்புளோ அரண்மனை ஊர்க்காரர் ‘பெல்லிஃபொந்தேன்’. ஊர்ப்பெயருக்கு அழகிய நீரூற்று என்று பொருள் கொண்டு, அதை லத்தீன் பாணியில் தலைகீழாகத் திருப்பிப் புனைந்தது.

இங்கிலாந்தில் இந்த வழக்கைக் காத்தது திருச்சபையும் இரண்டு பல்கலைக்கழகங்களும். கேன்டர்பரி பேராயர் தம் பெயரோடு ‘கான்டுவார்’ என்றும், யார்க் பேராயர் ‘எபோர்’ என்றும் கையெழுத்திடுவது மரபு. பிந்தையது எபோராக்கும் என்ற ரோமானியக் கோட்டை நகரின் சுருக்கம். டர்ஹம் ஆயர் ‘டுனெல்ம்’, ராச்செஸ்டர் ஆயர் ‘ராஃபென்’. குடும்பப் பெயரைக் கைவிட்டு ஊர்ப்பெயரடையைச் சூடிக்கொள்ளும் இவர்களை முன்பின் தெரியாதவர் புரிந்துகொள்வது கடினம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வழக்கறிஞர்களின் பெயர்ப்பலகைகளில் பட்டத்தை அடுத்து ‘ஆக்ஸன்’, ‘கேன்டப்’ என்று எழுதியிருந்ததும் இந்த மரபே. கேன்டப்பின் முழு உருவம் கான்டாப்ரிகியென்சிஸ். இதில் ரோமானியர் பங்கு ஒன்றும் இல்லை. கேம்பிரிட்ஜில் இருந்த ரோமானிய ஊரின் பெயர் துரோலிபொன்தே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். கான்டாப்ரிகியா, இடைக்கால எழுத்தர்கள் ஆங்கிலப் பெயருக்குப் போட்ட லத்தீன் சட்டை.

மான்செஸ்டர்க்காரர் தம்மை ‘மான்குனியன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ரோமானியர் சாலைப் பட்டியலின் கையெழுத்துப் படிகளில் அங்கிருந்த ரோமானியக் கோட்டையின் பெயர் இரண்டு விதமாக வருகிறது. ‘மமூக்கியும்’தான் சரி, ‘மான்குனியன்’ பிறந்த மற்ற உருவம் படியெடுத்தவரின் கைப்பிழை என்பது இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. பிழையைத் திருத்தி ‘மமூக்கியன்’ ஆக மான்செஸ்டரில் எவரும் தயாராக இல்லை.

அச்சு வந்ததும் குழப்பம் நூலகங்களுக்குள் நுழைந்தது. நூல் எங்கே அச்சானது என்பது முகப்புத்தாளில் லத்தீனில் இருக்கும். ‘லுக்துனி’ என்றால் லியோன். ‘லுக்துனி பத்தவோரும்’ என்றால் டச்சு நாட்டு லைடன். இரண்டாவது சொல் விடுபட்டால் நூல் வேறு நாட்டுக்குப் போய்விடும். லைடன் இந்தப் பெயருக்கு உரிமையான ஊரும் அல்ல. பழைய வரைபடங்கள் காட்டும் லுக்துனும் கோட்டை கடற்கரையில் காத்வைக் பக்கம் இருந்தது. லைடனில் இருந்த ரோமானியக் கோட்டை மத்திலோ. 1575இல் பல்கலைக்கழகம் பெற்ற ஊர், தகுதிக்கேற்ற பழம்பெயரையும் எடுத்துக்கொண்டது. பிராங்பர்ட்டுகள் இரண்டு, ஆற்றின் பெயரைச் சேர்த்தால்தான் எது என்று புரியும். 1543இல் நூரம்பர்கில் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் புகழ்பெற்ற நூல் அவரைத் ‘தொரினென்சிஸ்’ என்கிறது. இத்தாலியின் டூரின் என்று நினைத்துவிடக் கூடாது, அது போலந்தின் தோருன். டூரின்காரர் தவ்ரினென்சிஸ்.

பெயரை வைத்து வேண்டுமென்றே ஏமாற்றியவர்களும் உண்டு. ஸ்பினோசாவின் இறையியல் அரசியல் ஆய்வு 1670இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. முகப்பில் ‘ஹம்புர்கி’ என்றிருந்தது. தணிக்கைக்காரர் ஹாம்பர்கில் போய்த் தேடட்டும் என்பது எண்ணம். இப்படிப்பட்ட பெயர்க்காட்டைத் தாண்ட நூலகர்களுக்கு ஓர் அகராதியே வேண்டியிருந்தது. கிரேசெ என்ற ஜெர்மானியர் 1861இல் டிரெஸ்டனில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் லத்தீனுஸ்’ அந்த வேலையைச் செய்தது.

அறிவியல் இந்த மரபைக் கைவிடவில்லை. தனிமங்களின் அட்டவணையில் மூன்று தலைநகரங்கள் லத்தீன் வேடத்தில் இருக்கின்றன: 1879இல் க்ளேவே பெயரிட்ட ஹோல்மியம் (ஹோல்மியா எனும் ஸ்டாக்ஹோம்); 1907இல் உர்பேன் பிரித்தெடுத்த லுட்டேசியம் (லுத்தேசியா எனும் பாரிஸ்); 1923இல் கோபன்ஹேகனில் கண்டறிந்த ஹாஃப்னியம் (ஹாஃப்னியா எனும் அதே கோபன்ஹேகன்).

நிலவியலில் அல்சீத் தொர்பிஞ்யி 1840களில் பிரெஞ்சுப் பாறை அடுக்குகளுக்கு ஊர்ப்பெயரடைகளைச் சூட்டினார். செனோமானியன் என்றால் ல மான் நகரம், அங்கிருந்த செனோமானியர் குலம். டுரோனியன் என்றால் தூர் நகரம், துரோனர் குலம். பிறகு வேறொருவர் சூட்டிய சந்தோனியன் என்ற பெயரில் மேலே கண்ட மெதியோலானும் ஊரின் சந்தோனர்களே மறுபடி வருகிறார்கள். அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரங்களில் கடற்சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்த கிரெட்டேசியஸ் பாறைகளை 1862இல் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்று அவற்றின் வயதைச் சொல்லும்போது செனோமானியன், டுரோனியன், மாஸ்ட்ரிக்டியன் என்றே ஆய்வாளர் பேசுகிறார்கள். சீசரை எதிர்த்த கால் நாட்டுக் குலங்களின் பெயர் அந்த வட்டாரத்துக் காரை கிராமத்து மண்ணின் வயதுக்கு அளவுகோலாகும் என்று தொர்பிஞ்யியே நினைத்திருக்க மாட்டார்.

பழைய ரோமானியர் தமிழகத்து ஊர்கள் சிலவற்றை அறிந்திருந்தார்கள். பாண்டியனின் உள்நாட்டுத் தலைநகரை ‘மொதூரா’ என்று பிளினி எழுதியிருக்கிறார். ஊர்ப்பெயர் லத்தீனுக்குள் போயிற்று. பெயரடை எதுவும் வழங்கியதாகக் காணோம். ரோமானியக் குடிமக்கள் பதிவேட்டில் ஏறாத ஊருக்கு ‘என்சிஸ்’ எதற்கு? அந்த வால் நம் ஊர்களுக்கு வந்தது பிற்காலத்தில், தாவரவியலாரும் பாதிரிமாரும் கப்பலேறி வந்த பிறகு.

லின்னேயுஸ் 1753இல் ஸ்டாக்ஹோமில் வெளியிட்ட தாவர நூலில், மதராசப்பட்டினத்தின் பெயரடை இரண்டு உருவில் வருகிறது. மேலாநெல்லிக்கு ‘மதெராஸ்பத்தென்சிஸ்’, முசுமுசுக்கைக்கு ‘மதெராஸ்பத்தானுஸ்’. ஒரே ஊர், ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு வால்; வார்ரோ பார்த்திருந்தால் தம் பட்டியலில் சேர்த்திருப்பார். 1996இல் மெட்ராஸ் சென்னையானது. தாவரப் பெயரிடல் விதிகள் முந்திய பெயரையே காப்பதால் முசுமுசுக்கை இன்னும் மதராசப்பட்டினத்துக் கொடிதான். கவுதாரி ‘பொந்திச்செரியானுஸ்’ என்றே பறக்கிறது, புதுச்சேரி 2006இல் பெயர் மாறியது அதற்குத் தெரியாது. டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி ஒரு சேற்று நண்டின் பெயரில் ‘த்ரான்கெபாரிக்கா’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த இலக்கணம் இன்றும் அலுவலக வழக்கம். ஊரே அழிந்த பிறகும் பீடத்தின் பெயர் அழியாமல் பட்டியலில் நிற்கும். சொந்த மறைமாவட்டம் இல்லாத ஆயர்களுக்கு அவற்றைக் கொடுப்பார்கள். 1995இல் பிரான்சின் எவ்ரூ ஆயர் ஷாக் கையோ பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, அல்ஜீரியாவில் எப்போதோ மறைந்துபோன பர்த்தேனியாவின் ஆயரானார். மக்களே இல்லாத அந்த மறைமாவட்டத்தின் பெயரில் அவர் இணையதளம் தொடங்கி உலகெங்கும் வாசகரைச் சேர்த்துக்கொண்டது தனிக்கதை.

ஊர் புதிதானாலும் வழக்கம் ஒன்றே. 1606இல் உருவான மயிலாப்பூர் பீடம் ‘மெலியாப்போரென்சிஸ்’. அது சென்னையோடு இணைந்தபோது ‘மத்ராஸ்பொலித்தானா’ முன்னால் சேர்ந்தது. தூத்துக்குடி ‘துத்திக்கொரினென்சிஸ்’, யாழ்ப்பாணம் ‘யாஃப்னென்சிஸ்’. 2014இல் கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து குழித்துறை தனியாகப் பிரிந்தது. லத்தீனில் இல்லாத ழகரத்தோடு வந்த அந்தப் பெயருக்கும் வத்திக்கானின் எழுத்தர்கள் தயங்காமல் ‘என்சிஸ்’ சேர்த்துப் பதிவு செய்தார்கள்.